கண்டிஷன் மேடம்

திண்டிவனம் பக்கத்தில் ‘கண்டிஷன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வண்டி விற்பவர் சொன்னால் ஒன்று: “நல்ல கண்டிஷன் சார், தைரியமா எடுத்துக்கினு போங்க.” மருமகள் சொன்னால் இன்னொன்று: “எங்க மாமியா ரொம்ப கண்டிஷன்.” கறார் என்று அர்த்தம். மூன்றாவது பொருள் ஒன்று உண்டு என்பதை ஒரே ஒருவரிடம்தான் கண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வாட்ச்மேன் என்னிடம், “உள்ள போம்மா. கண்டிஷன் மேடம் வந்துட்டாங்க” என்றார். மருமகள் சொல்லும் பொருளில் எடுத்துக்கொண்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போனேன். ஒல்லியான உருவம், காட்டன் புடவை, தலையில் உலைச் சாம்பல் மாதிரி கொஞ்சம் நரை. என் சான்றிதழ்களைத் தொடவே இல்லை.

“பஸ்ல வந்தியா, வண்டியில வந்தியா?”

“பஸ்ல மேடம்.”

“நின்னுக்கினு வந்தியா, உக்காந்துக்கினா?”

“நின்னுக்கினுதான்.”

“அப்ப இன்னிக்கு உன்னைப் பத்தி நான் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. நாளைக்கு உக்காந்து வா. பேசலாம்.”

மறுநாள் உட்கார்ந்து வந்தேன். வேலை உறுதியானது.

அது ஒரு சிறிய தொழிற்கூடம். முதலாளியின் அப்பா காலத்தில் அங்கே மல்லாட்டை எண்ணெய் ஆட்டினார்கள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மகன் படித்துவிட்டு வந்து, செக்குகளை விற்று, மின் உலை வாங்கி, பாட்டரிக்குத் தூள் செய்ய ஆரம்பித்தார். கட்டடம் மட்டும் மனம் மாறவில்லை. மழை வந்தால் சுவரெல்லாம் மல்லாட்டைப் பிண்ணாக்கு வாசனை அடிக்கும்.

நாங்கள் செய்தது லித்தியம் பாட்டரியின் ஒரு முனையில் பூசுகிற கறுப்புத் தூள். கேத்தோடு என்பார்கள். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் சேர்ந்த தூளோடு லித்தியம் உப்பைக் கலந்து, பீங்கான் தட்டுகளில் பரப்பி, ஆக்சிஜன் ஓடும் உலையில் வைத்துச் சுட வேண்டும். சொல்ல இவ்வளவுதான். ஆனால் கலவையும் எடையும் உலையும் ஒன்றாகவே இருந்தாலும் தூள் ஒன்றாக வராது. சூடு ஏறினால் துகள் பெருத்துவிடும். குறைந்தால் உள்ளே வேகாது. சூட்டை ஏற்றும் வேகம், பிடித்து வைக்கும் நேரம், ஆற்றும் விதம், அன்றைய காற்றின் ஈரம், எல்லாமே தூளின் குணத்தை மாற்றும். லித்தியத்தின் இடத்தில் நிக்கல் போய் உட்கார்ந்துவிடும், துண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர் சீட்டில் வேறொருவர் உட்காருகிற மாதிரி. அப்புறம் எழுப்ப முடியாது. அந்தத் தூளில் செய்த பாட்டரி கொஞ்ச நாளிலேயே சோர்ந்துவிடும்.

மேடம் சுடுவார். நான் அந்தத் தூளைக் கொண்டு பொத்தான் அளவுக்குச் சின்னச் சின்ன பாட்டரிகள் செய்து, சார்ஜ் ஏற்றி இறக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பேன். “இந்தத் தூள் மோசம் மேடம்” என்று நான் போய்ச் சொன்னால் அவர் முகம் சுளிக்கவே மாட்டார். “தூள் மோசம் இல்லம்மா. தூளுக்கு என்ன தெரியும்? எந்தக் கண்டிஷன்ல செஞ்சமோ அதான் அது.”

இதை அவர் உலையோடு நிறுத்தியிருந்தால் சாதாரண நல்ல வேதியியல்காரராக இருந்திருப்பார். அவர் எதையும் எதோடும் நிறுத்தியதில்லை.

அவருடைய அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மயிலம் பக்கத்துக் குடும்பம், சொந்த நிலம். தரகர் எங்கள் தொழிற்கூடத்துக்கே வந்து, “தங்கமான பையன் மேடம்” என்றார்.

“தங்கம்னா எப்ப? வெறும் வயித்துலயா, சாப்ட்டப்புறமா?”

தரகர் என்னைப் பார்த்தார். நான் என் வேலையைப் பார்த்தேன்.

“அவங்கம்மா வீட்ல இருக்கப்ப தங்கமா, ஊருக்குப் போயிருக்கப்பவா? அறுவடைக்கு முன்னாடி பாத்தீங்களா, பின்னாடியா?”

“மேடம், நான் டீக்கடையில வச்சுப் பாத்தேன்.”

“யாரு காசுல டீ?”

தரகர் யோசித்தார். “என் காசுலதான்.”

“அப்ப அது ஒரு கண்டிஷன்தான். இன்னும் பாக்கணும்.”

தரகர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் இன்னொரு வீட்டில், “பையன் வெறும் வயித்துலயும் நல்ல பையன்” என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

மேடம் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒருநாள் மாலை நானும் கூட நின்றேன். “விழுப்புரம் எத்தினி மணிக்குப் போகும்?” என்று கண்டக்டரிடம் கேட்டார். “ஏழு மணிக்குப் போயிடும்மா” என்றார் அவர். “கூட்டு ரோட்டுல ஆளை ஏத்தினாலா, ஏத்தாட்டியா?” கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “யம்மா, இன்னா பேஜாரு இது? ஏர்றதுன்னா ஏறு, இல்லாட்டி வுடு!” மேடம் ஏறினார், பின்னாலேயே நானும். உட்கார்ந்ததும் என்னிடம் மெதுவாக, “பாவம், காலையிலேர்ந்து நின்னுக்கினு இருக்காரு. இவரை நாம கோவக்காரருன்னு சொல்லிடக் கூடாது” என்றார்.

அதனால்தான் மருமகள் சொல்லும் பொருள் அவருக்குப் பொருந்தவில்லை. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அவர் கணக்கில் யார் மீதும் தப்பே கிடையாது. வாட்ச்மேன் பகலில் தூங்கிப் பிடிபட்டபோது முதலாளி கத்தினார். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எந்தக் கண்டிஷன்ல தூங்கினீங்க?” என்று கேட்டார். வாட்ச்மேன் நெகிழ்ந்துபோய், “கேப்பைக் கூழு மேடம். கூட மாங்கா” என்றார். அவருடைய கூழை மாலைக்கு மாற்றினார்கள். தூக்கமும் மாலைக்கு மாறியது.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் ஒரு பேட்ச் ரொம்ப நன்றாக வந்துவிட்டது.

மற்ற தூளெல்லாம் சோர்ந்து விழும் இடத்தில் அது நிமிர்ந்து நின்றது. நான் மறுபடி பாட்டரி செய்து பார்த்தேன். மறுபடியும் நின்றது. ஓசூர் பக்கம் பாட்டரி கட்டும் ஒரு நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பினோம். அவர்கள் ஆடிப்போய்ப் பதில் எழுதினார்கள்: இதே போல மூன்று பேட்ச் காட்டுங்கள், எங்கள் தணிக்கையாளர் வந்து செய்முறையைப் பார்ப்பார், அவர் சம்மதித்தால் ஆர்டர். சம்மதித்த பிறகு செய்முறையில் ஒரு துரும்பைக்கூட மாற்றக் கூடாது.

முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “மேடம், இது வந்தா நாம நிப்போம். வரலைன்னா உலையை வித்துட்டு நான் திரும்ப மல்லாட்டையே ஆட்டிக்கினு போறேன். உங்களையெல்லாம் வச்சுக்க முடியாது.”

மேடம் உலையைத் திரும்பிப் பார்த்தார். விழுப்புரத்தில் பல வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். அங்கே இருந்தது ஒரு விளக்கும் நான்கு குடுவையும். உலை என்று அவர் கையில் கிடைத்தது இது ஒன்றுதான்.

அதே அளவு, அதே சூடு, அதே நேரம் வைத்து அடுத்த பேட்ச் போட்டோம். மோசம். அதற்கடுத்ததும் மோசம்.

“அன்னிக்கு இருந்த கண்டிஷன் எல்லாம் எனக்கு வேணும்” என்றார் மேடம்.

“எல்லாமும்தான் வச்சோமே மேடம்.”

“நாம உலைக்குள்ள இருந்ததை வச்சோம். வெளிய இருந்ததை வைக்கல.”

பலகையில் எழுதினார். அன்று அமாவாசை. காலையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. நான் எலுமிச்சை சோறு கொண்டுவந்திருந்தேன். முதலாளி வராந்தாவில் நடந்துகொண்டே போன் பேசினார், நீலச் சட்டை. உலையில் தட்டு ஏற்றி இறக்கும் ஏழுமலை லீவு. ஒவ்வொரு அமாவாசைக்கும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார். வாசலில் வாட்ச்மேனுக்கும் தண்ணீர் கேன் போடுபவருக்கும் சண்டை.

“இதுல எது தேவை, எது தேவையில்லைன்னு நமக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் எல்லாமே தேவை” என்றார்.

வாதம் அபத்தமாக இருந்தது. ஆனால் அதில் எந்தப் படி தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த அமாவாசைக்கு எல்லாம் தயார். எலுமிச்சை சோறு கொண்டுபோனேன். ஏழுமலை மேல்மலையனூர் போனார். நல்ல கரண்டை நிறுத்திவிட்டு ஜெனரேட்டரைப் போட்டார்கள். முதலாளி நீலச் சட்டையில் வராந்தாவில் நடந்து, யாருமில்லாத போனில் “ஆமா, ஆமா, அனுப்பிடறேன்” என்று பேசினார். சிக்கல் சண்டையில்தான். வாட்ச்மேனும் கேன்காரரும் இதற்குள் சமாதானமாகி, ஒன்றாக பீடி குடிக்கும் அளவுக்கு வந்திருந்தார்கள்.

“திட்டுங்க” என்றார் மேடம்.

“யோவ்” என்றார் வாட்ச்மேன். கேன்காரர் சிரித்துவிட்டார்.

“அன்னிக்கு இன்னா சொன்னீங்களோ அதையே சொல்லுங்க.”

வாட்ச்மேன் கூச்சத்தோடு, “கேன்ல பாசி புடிச்சிருக்குதுன்னு சொன்னேன் மேடம்” என்றார்.

“சும்மா சொன்னியா, நெசமா சொன்னியா?” என்று திரும்பினார் கேன்காரர்.

“நெசமாத்தான். இப்பவும்தான் இருக்குது.”

“எங்க இருக்குது? காட்டு! ஓசியில குடிக்கிற வாயிக்குப் பாசி வேற தெரியுதா?”

அதற்குப் பிறகு மேடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று பேர் பிடித்துத்தான் விலக்கினோம். மேடம் மிகவும் திருப்தியாக இருந்தார்.

பேட்ச் நன்றாக வந்தது.

முதலாளி நாள்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, மாதம் ஒரு அமாவாசைதான் வருகிறது என்று வருத்தப்பட ஆரம்பித்தார். நானும் வருத்தமாகத்தான் இருந்தேன், வேறு காரணத்துக்கு. நான் படித்த பாடத்தில் நிலவு இல்லை. நாலைந்து நாள் கழித்து, சாதாரண ஒரு பேட்ச் ஆறிக்கொண்டிருந்த காலையில், முதல் பஸ் பிடித்து மேடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். ஏழுமலை பக்கத்து ஊர்க்காரர். எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். உலைக் கதவை ஒரு விரல்கடை திறந்துவைத்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணே இது?”

“ஆறட்டும்னுதான் பாப்பா. சோத்தை வடிச்சா மூடியைச் சாச்சு வைக்க மாட்டோமா? ஜல்தி ஆறுனா ஜல்தி எடுக்கலாம்.”

“தினமுமா?”

“தெனமும்தான். மேடம் வர்றதுக்குள்ள மூடிடுவேன். அவங்களுக்கு எதுக்குச் சூடு?”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆக்சிஜனில் மெதுவாக ஆற வேண்டிய தூள். இவர் கதவைத் திறந்ததும் சட்டென்று குளிர்ந்து, மரக்காணம் உப்பளப் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்றையும் குடித்துவிடுகிறது. அமாவாசையன்று இவர் இல்லை. கதவைத் திறக்க ஆளில்லை. தூள் தன் பாட்டுக்கு ஆறி, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மேடம் வந்ததும் சொன்னேன். ஏழுமலை தலையைக் குனிந்து நின்றார். மேடம் கோபிக்கவில்லை.

“இருக்கலாம்” என்றார். “ஆனா இதுல ரெண்டு கண்டிஷன் இருக்கு. கதவு தொறக்காம இருக்கறது ஒண்ணு. ஏழுமலை இல்லாம இருக்கறது ஒண்ணு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்.”

“மேடம், ஏழுமலை இல்லாட்டி கதவு திறக்காது. அவ்வளவுதான்.”

“அது உன் கருத்தும்மா. ஏழுமலை இருக்கணும், கதவும் தொறக்கக் கூடாது. அப்படி ஒரு பேட்ச் போடு.”

போட்டோம். ஏழுமலையை உலைக்கு எதிரே ஸ்டூலில் உட்காரவைத்தோம். நான் ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் திறந்துவிட்டார். “எதுக்குண்ணே?” “தொறந்துட்டேனான்னு பாக்கத் தொறந்தேன் பாப்பா.” அடுத்த பேட்ச்சில் தானாகவே கையைக் கட்டிக்கொண்டார். முதலாளி டீ கொடுத்ததும் கை அவிழ்ந்தது. ஏழுமலையும் மூடிய கதவும் ஒரே அறையில் இருக்கும் நிலையை எங்களால் உண்டாக்கவே முடியவில்லை.

“ஒரு பூட்டு போடுங்க மேடம்!” என்று முதலாளி கெஞ்சினார்.

“அன்னிக்குப் பூட்டு இல்லையே சார். பூட்டுனா அது புது கண்டிஷன். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நேரம் இருக்கா?”

நேரம் இல்லை. தணிக்கையாளர் வரும் தேதி நெருங்கிவிட்டது. எனவே மேடம் முடிவெடுத்தார்: மிச்சம் இரண்டு பேட்ச்சுக்கும் ஏழுமலை மேல்மலையனூர் போக வேண்டும். சம்பளத்தோடு, பணி நிமித்தமாக.

“அமாவாசை இல்லியே மேடம். நான் வூட்லயே இருந்துக்கறேனே” என்றார் ஏழுமலை.

“வீடு வேற கண்டிஷன், ஏழுமலை.”

போனார். மதியம் போன் வந்தது. மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், இங்க ஒரு ஈ காக்கா இல்ல. பூக்கடைக்காரம்மா குந்திக்கினு தூங்குது. நான் இன்னா பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ணாதீங்க. அங்கயே இருங்க.”

“செஞ்சியில எங்க சின்னம்மா வூடு இருக்குது, ஒரு எட்டு...”

“ஏழுமலை!”

“இருக்கேன் மேடம்.”

அந்தப் பேட்ச்சில் நான் எலுமிச்சை சோறு கொண்டுபோகவில்லை, சண்டை நடக்கவில்லை, வானத்தில் பாதி நிலா. தூள் நன்றாக வந்தது. மேடம் பலகையில் ஒவ்வொன்றாக அடித்தார். வாட்ச்மேனிடம் போய், “நீங்க இனிமே சண்டை போட வேணாம்” என்று முறைப்படி அறிவித்தார். “போடலாமா மேடம்?” என்று அவர் கேட்டார். “போடலாம். தூளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.” மூன்றாவது பேட்ச்சும் நின்றது.

செய்முறைத் தாளை மேடம் எழுதினார். கலவை, சூடு, ஆக்சிஜன், நேரம் எல்லாம் அழகாக இருந்தது. கடைசிப் படியில் இரண்டே வாக்கியம்: ‘ஆறி முடியும்வரை உலைக் கதவு மூடியிருக்கும். ஏழுமலை மேல்மலையனூரில் இருப்பார்.’

முதலாளி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “மேடம், கையெடுத்துக் கும்புடறேன். அந்த ரெண்டாவது வரியை எடுத்துடுங்க. ஓசூர்க்காரன் சிரிப்பான். ஆர்டர் போயிடும். எல்லாரும் வீட்டுக்குப் போகணும், நீங்களும்தான்.”

“எனக்குத் தெரியும் சார்.” அவர் உலைப் பக்கம் பார்த்தார். “ஆனா எடுத்துட்டு செஞ்சு பாக்கலியே. பாக்காததை எப்படி எடுக்கறது?”

முதலாளி என்னைப் பார்த்தார். அந்த வரியை அழித்துவிடச் சொல்லும் பார்வை. தாள் என் கணினியில்தான் இருந்தது. மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. நான் அப்படியே அச்செடுத்தேன்.

தணிக்கையாளர் வந்தார். கண்ணாடி போட்ட, அவசரப்படாத மனிதர். ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, கடைசிப் படியில் நின்றார். முதலாளி ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

“ஆற்றும் படிக்குப் பொறுப்பு யாருங்க?”

“ஏழுமலை” என்றார் மேடம்.

“அவரைக் கூப்பிட முடியுமா?”

“முடியாது சார். மேல்மலையனூர்ல இருக்காரு.”

“அங்க என்ன செய்யறாரு?”

“இங்க இல்லாம இருக்காரு.”

அவர் அதை எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

“அவர் லீவு எடுத்தா?”

மேடத்தின் முகம் மாறியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். இந்தக் கண்டிஷனை அவர் யோசித்திருக்கவில்லை.

“லீவு எடுத்தா,” என்றார் மெதுவாக, “இங்க வந்துடுவாரு சார்.”

தணிக்கையாளர் பேனாவை மூடினார். “மேடம், எத்தனையோ இடம் பார்த்திருக்கேன். யாரும் தாள்ல இருக்கறதைச் செய்ய மாட்டாங்க. செய்யறதைத் தாள்ல எழுதின இடம் இதுதான்.”

ஒரு வாரத்தில் ஆர்டர் வந்தது. கூடவே ஒரே ஒரு குறிப்பு: ‘ஆற்றும் படி ஒரே நபரின் இன்மையைச் சார்ந்துள்ளது. மாற்று நபர் ஒருவரைத் தயார் செய்யவும்.’

முதலாளி சத்தம் போட்டுச் சிரித்து, இனிப்பு வாங்கி வரச் சொன்னார். மேடம் சிரிக்கவில்லை. குறிப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“உன் பேரை எழுதியிருக்கேன்.”

“மேடம், நான் அந்தக் கதவைத் தொட்டதே இல்லையே. நான் இல்லாட்டி உலைக்கு என்ன ஆகப் போகுது?”

“அதைத்தானேம்மா இதுவரைக்கும் யாரும் செஞ்சு பாக்கல” என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அடுத்த பேட்ச்சுக்கு நான் பஸ் ஏறினேன். மேல்மலையனூரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கடைகள் பாதி மூடியிருந்தன. வேப்பமரத்து நிழலில் ஏழுமலை துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

“குந்து பாப்பா. ஒண்ணும் கஷ்டம் இல்ல,” என்றார். “சும்மா இல்லாம இருக்கணும், அவ்ளோதான்.”